ஏரி கோடி போவப் போவுது

1. முதல் ஒத்திகை

காலை பத்து மணிக்கு ஏரிக்கரைத் தெருவின் நான்கு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலில் பேசின.

"தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நீர்நிலையின் கொள்ளளவு அபாய அளவை எட்டியுள்ளதால், தாங்கள் அனைவரும் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

மூன்று முறை சொல்லிவிட்டுச் சங்கு ஊதியது. நான் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூட வாசலில் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரத்தில் இரண்டு ஆடுகள் வந்தன. அவையும் அங்கிருக்கும் வேப்பமரத்துக்காகத் தினமும் வருகிறவைதான்.

அந்த அறிவிப்பை எழுதியவன் நான். முப்பத்திரண்டு வருடம் நகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு ஒப்பந்தத்தில் அதே மின்விசிறியின் கீழ் வேறு நாற்காலியில் உட்கார்ந்தவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், எந்தக் குறிப்பு எழுதினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். திருத்தணி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இல்லாத ஊர். பெரிய நகரங்களில் போட்டுப் பார்த்த திட்டம், அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, அளவு கொஞ்சம் பிடிக்கப்பட்டு எங்களுக்கு வந்தது. ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கல் சுவரில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், தெருவில் சோலார் பேட்டரியோடு ஒலிபெருக்கி, அலுவலகத்தில் ஒரு கண்ட்ரோல் ரூம். ஏரி நிரம்பினால் சென்சார் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும், கண்ட்ரோல் ரூம் தெருவுக்குச் சொல்லும், தெரு மேட்டுக்குப் போகும். திட்ட அறிக்கையில் இதற்கு அழகான அம்புக்குறிகள் போட்ட படம் ஒன்று உண்டு. கடைசி அம்புக்குறிதான் அன்று வேலை செய்யவில்லை.

தெருவில் இறங்கினேன். முதல் வீட்டில் ஏழுமலை விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

"மைக்குல சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். தாழ்வான பகுதி ஜனங்கள எங்கியோ போவச் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் போகலை?"

"நாங்க எதுக்குப் போவணும்? பஜாரு பக்கம் தான சார் தாழ்வு. அவங்கதான் போவணும்."

பஜாரில் கேட்டால் ரயிலடிப் பக்கம் கை காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். மலைக்கோயில் இருக்கிற ஊர் இது. மலையைத் தவிர மற்ற எல்லாமே தாழ்வு, ஆகவே யாரும் தாழ்வில்லை.

தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் ராணி, தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி எனக்காகக் காத்திருந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு இரண்டு கால்களும் நடக்க வராது. வாய் அதற்கும் சேர்த்து நடக்கும்.

"இன்னா சார், யாரப் பாத்து தாழ்வுன்றீங்க? அதுவும் மைக்கு வெச்சி. பாதிப் பேரு அத வேற மாதிரி எடுத்துக்கினு கோவமா கீறாங்க."

"அது நில மட்டம்மா. கடல் மட்டத்திலிருந்து—"

"கடலு எங்க சார் கீது இங்க?"

அவரே தொடர்ந்தார். "இவங்கள்லாம் லுங்கிய மடிச்சிக் கட்டினா அஞ்சு நிமிஷத்துல மேட்டுல நிப்பாங்க. நான் வண்டியத் திருப்பி, இந்தச் சந்துல வெளிய வர்றதுக்கே அரை மணி ஆவும். போன மழையில என்னக் கட்டிலோட தூக்கினு போனாங்க. தூக்கின நாலு பேரும் வழுக்கி வுழுந்தாங்க, நானுந்தான். இன்னொரு தடவ அப்பிடிப் போவ மாட்டேன் சார். எனக்கு முன்னாடியே தெரியணும். தெரியலன்னா உங்க மிஷினு சும்மா."

எந்தப் படிவத்திலும் இல்லாத தேவை இது. ஆனால் அந்தத் தெருவில் நான் கேட்ட முதல் சரியான தொழில்நுட்பக் குறிப்பும் அதுதான்.

2. குடங்கள்

முன்பெல்லாம் மழை வரும் மாதம் தெரியும். வடிகால் எஸ்டிமேட் போடும்போது பழைய மழை அட்டவணையைப் பார்த்து அளவு போடுவோம். இப்போது வானம் எங்கள் அட்டவணையைப் படிப்பதை நிறுத்திவிட்டது. ஒரு மாத மழை ஒரே மத்தியானத்தில் பெய்துவிட்டு, பிறகு வெயில் அடிக்கிறது. ஐப்பசிக்கு நாள் அதிகம் இல்லை. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

எளிமையாகச் சொன்னால் போதும் என்று முடிவு செய்தேன். இரண்டாவது ஒத்திகைக்கு நான் எழுதிக் கொடுத்தது மிகச் சுருக்கம்: "தண்ணீர் வருகிறது. தண்ணீர் வருகிறது. அனைவரும் உடனே வெளியே வரவும்."

இம்முறை தெரு முழுக்க வெளியே வந்தது. ஓடி வந்தது. பச்சை, நீலம், சிவப்பு பிளாஸ்டிக் குடங்களோடு. எல்லாரும் மேட்டுக்குப் போகாமல், நேர் எதிரே, ஓடைப் பக்கம் தெருக்குழாயை நோக்கிப் போனார்கள். அதாவது வெள்ளம் முதலில் வரப்போகும் இடத்துக்கு. இரண்டு நிமிடத்தில் வரிசை நின்றுவிட்டது. அந்த ஒழுங்கை என் பணிக்காலத்தில் எந்த ஒத்திகையிலும் நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கு நம்ம மொற இல்லியே, வுட்டுட்டானா?" என்றார் ஒரு அம்மாள்.

"மைக்குல சொல்லியே வுடறாங்க பாரு இப்பல்லாம்," என்றார் பின்னால் நின்றவர். அவர் குரலில் இருந்த மரியாதை என்னைக் குத்தியது.

சென்சாரும் ஒலிபெருக்கியும் போட்ட கம்பெனியின் மேனேஜர் சுதாகர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கண்ட்ரோல் ரூமில் தெருக் கேமராவின் திரையில் இதைப் பார்த்துவிட்டு போன் செய்தார். "சார், ரெஸ்பான்ஸ் டைம் சூப்பர். டைரக்‌ஷன் மட்டும் கொஞ்சம் ராங்."

ஏழுமலை சிரித்துச் சிரித்துத் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் கொஞ்ச நேரம் அதிகாரியாக நின்று பார்த்தேன். முடியவில்லை. நானும் சிரித்தேன்.

3. ஒரு சொல்

அன்று மாலை ராணியின் கடை வாசலில் சுதாகரையும் உட்கார வைத்துக்கொண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். ஏரி நிரம்பினால் நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்வீர்கள்?

ஏழுமலை யோசிக்கவே இல்லை. "ஏரி கோடி போவுதுன்னுவோம்."

"எத்தனை கோடி?" என்றார் சுதாகர், நோட்டைத் திறந்தபடி.

"இவரு எந்த ஊரு சார்?" என்று ராணி என்னைக் கேட்டார். பிறகு அவருக்கே விளக்கினார். "ஏரி ரொம்பி கலங்கல் மேல தண்ணி வழியுதுல்ல, அதான் கோடி போவறது. அந்த வார்த்தையக் கேட்டா போதும், சோத்துல கை வெச்சவன் கூட எந்திரிப்பான்."

எனக்கும் தெரிந்த சொல்தான். இதே வட்டாரத்தில் பிறந்தவன் நான். அலுவலகத்துக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் விட்டிருந்தேன் போலிருக்கிறது.

"ஆனா சார்," என்றார் ராணி, "கோடி போவுதுன்னு நீங்க சொல்றப்ப எனக்கு டைம் முடிஞ்சிரும். போவறதுக்கு முன்னாடி சொல்லணும்."

சுதாகர் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்தார். கலங்கலுக்கு ஓர் அடி கீழேயே எச்சரிக்கை அடிக்கும்படி சென்சாரை மாற்றினார். வாசகம் ராணியே சொன்னது. குரலும் அவருடையதே, ஏனென்றால் அந்தத் தெருவில் ரவிக்கை தைக்கக் கொடுத்து அவரிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை. அந்தக் குரலுக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள். கடை வாசலில் சுதாகரின் போனில் பதிவு செய்தோம்.

"ராணி பேசறேன். ஏரி கோடி போவப் போவுது. மெயின் ஆஃப் பண்ணு. ஸ்கூலுக்கு ஏறு. ஒரு கொடம் நல்ல தண்ணி எடுத்துக்கோ."

"கடைசி வரி நாம் பேசியதில் இல்லையே," என்றேன். "பள்ளிக்கூட நிவாரண மையத்துக்கு வேண்டியதெல்லாம் பட்டியல் போட்டாகிவிட்டது. பத்து இனங்கள். பாய், டார்ச், முதலுதவிப் பெட்டி—"

"இருக்கட்டும் சார். சொல்லிட்டேன், இனிமே எங்க போயி அழிக்கறது," என்று தையல் மிஷின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒப்புதல் வாங்குவது என் வேலை. அறிவிப்புகளில் வட்டார வழக்கைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பழைய சுற்றறிக்கை உண்டு. அதே சுற்றறிக்கையின் அடுத்த பத்தி, எல்லைப்புற ஊர்களில் பிற மொழி வடிவமும் வெளியிடலாம் என்கிறது. தெலுங்குக்காக எழுதியது அது. நான் கோப்பில் "பிற மொழி வடிவம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, மொழி என்ற கட்டத்தில் "ஏரிக்கரைத் தெரு" என்று நிரப்பினேன். ஆணையர் மேடம் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதே கோப்பில் பள்ளிக்கூடப் படி ஓரமாக ஒரு சாய்தளத்துக்கும் குறிப்பு வைத்திருந்தேன். சிரிக்கிற அதிகாரியிடம் இரண்டாவது கையெழுத்து சுலபமாகக் கிடைக்கும். இது எந்தக் கையேட்டிலும் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. மழை

ஐப்பசியில் ஒரு முற்பகல் மழை பிடித்தது. மலை தெரியவில்லை. பதினொன்றரை மணிக்குக் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடம் நான்கு ஒலிபெருக்கிகளிலும் ராணி பேசினார்.

நான் அப்போது தெருமுனையில் குடையோடு நின்றேன். முதலில் தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மெயினை அணைத்திருந்தார்கள். பிறகு கதவுகள் திறந்தன. எல்லாருக்கும் முன்னால், நனைந்த பாலித்தீன் கோட்டில், ராணியின் வண்டி சந்திலிருந்து வெளிப்பட்டது. பின்னால் அவருடைய தையல் மிஷினைச் சுமந்துகொண்டு ஏழுமலை.

"என் கொரலே என்னத் தொரத்துது சார்," என்றார் ராணி, என்னைக் கடக்கும்போது. "இன்னா நின்னுகினு கீறீங்க, ஏறுங்க."

ஏறினேன். சாய்தளத்தில் வண்டி நேராக வராந்தாவுக்கே போய் நின்றது. ராணி தன் அளவு நோட்டைப் பிரித்து ஆள் எண்ண ஆரம்பித்தார். அதில் தெரு முழுக்க வீடு வாரியாக இருந்தது. என் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"இடுப்பு நாப்பத்திரெண்டு எங்க?"

"தோ கீறேன், ஏன் ஊருக்கே சொல்ற," என்றது ஒரு மூலை. வராந்தா முழுக்கச் சிரித்தது.

கடைசிப் பெயருக்கும் ஆள் இருந்தபோது மணி பன்னிரண்டேகால். சிறிது நேரத்தில் ஏரி கோடி போனது. மேட்டிலிருந்து பார்த்தோம். ஓடை தெருவுக்குள் திரும்பி, தெருக்குழாயை மூழ்கடித்து, ராணியின் கடை வாசலைத் தாண்டி முழங்கால் அளவுக்கு நின்றது. உள்ளே யாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ராணி, "அரை மணியே போதும் சார் எனக்கு," என்று மட்டும் சொன்னார்.

ஒரு மணி வாக்கில் யாரோ குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பள்ளிக்கூடத் தொட்டியைத் திறந்தேன். காலி. மோட்டார் போட கரண்ட் இல்லை, பாதுகாப்புக்காக அந்தப் பகுதிக்கே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தவனும் நானே. என் பத்து இனப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பாய் இருந்தது, டார்ச் இருந்தது, பேனா கூட இருந்தது. குடிநீர் இல்லை.

நிமிர்ந்தபோது வராந்தாச் சுவர் ஓரமாக, வீட்டுக்கு ஒன்றாக, பச்சையும் நீலமும் சிவப்புமாய் வரிசையாக நின்றன குடங்கள். நிரம்பியவை. இரண்டாவது ஒத்திகையில் நான் பார்த்த அதே வரிசை.

ராணி ஒரு டம்ளரில் மொண்டு முதலில் என்னிடம் நீட்டினார்.

"நீங்க அன்னிக்கே சரியாதான் சொன்னீங்க சார். தண்ணி வருதுன்னு."

5. பட்டியல்

இதைப் படிக்கும் இளம் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்சார் நல்ல பொருள், வாங்குங்கள். எச்சரிக்கையை எழுதும் முன் அதைக் கேட்டு ஓட வேண்டியவரிடம், அதிலும் கடைசியாக வந்து சேரக்கூடியவரிடம், முதலில் போய் உட்காருங்கள். அவருக்குச் சரியாக இருந்தால் மற்ற எல்லாருக்கும் சரியாக இருக்கும். நான் இதைக் கற்றுக்கொண்டது ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு ஆடுகளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீருக்கும் நடுவில்.

மையத்துக்கான பட்டியலைத் திருத்தி மறுபடி ஒப்புதலுக்கு வைத்தேன். பதினோராவது இனம்: குடிநீர். வழங்குபவர் என்ற கட்டத்தில், கோப்பை யாரும் திருப்பி அனுப்ப முடியாதபடி தெளிவாக எழுதினேன்: பொதுமக்கள்.