மொட்டைமாடியில் கிடைத்த தங்கம்

என் கணவர் ஜியாலஜிஸ்ட். தங்கம் தேடுகிற வேலை. இதைச் சொன்னால் எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் எல்லோர் பார்வையும் என் கழுத்துக்குத்தான் போகும். அங்கே தாலியைத் தவிர ஒன்றும் இருக்காது. "தேடுறவருதான், கண்டுபிடிக்கிறவர் இல்ல" என்று நானே சொல்லிச் சிரிப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

தருமபுரிக்கு அப்பால், கர்நாடக எல்லையை ஒட்டி ஒரு சின்ன மேடு. அதை மலை என்றால் மலைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு சிறிய கம்பெனிக்காக வருடக்கணக்கில் அந்த மேட்டையே சுற்றிவந்தார். வாரக் கடைசியில் சேலையூர் வீட்டுக்கு வரும்போது பை நிறையக் கல். நசுங்கி நசுங்கித் தகடு தகடாகப் பிரிகிற கரும்பச்சைப் பாறை, அதற்குள் நரம்பு மாதிரி ஓடுகிற வெள்ளைக் குவார்ட்ஸ். நரம்பு மடிகிற இடத்தில்தான் தங்கம் இருக்கும் என்பார். என் புடவைக் கொசுவத்தைக் காட்டித்தான் விளக்குவார். "மடிப்புலதான் இடைவெளி விழும். அங்கதான் வந்து உக்காரும்."

குவார்ட்ஸில் துருப்பிடித்த சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும். பைரைட் என்கிற இரும்புக் கல் கரைந்துபோன இடங்களாம். கரையாத பைரைட் பித்தளையாட்டம் மினுக்கும். ஆர்சனிக் கலந்த சாம்பல் நிறக் கல் ஒன்று உண்டு, அதைச் சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசனை வரும். கீழ் வீட்டு அக்கா படியேறி வந்து, "இன்னா, இன்னிக்குப் பூண்டுக் குழம்பா?" என்று கேட்பார். தங்கத்தோடு சேர்ந்து வருகிற எல்லாமே அந்த மேட்டில் இருந்தது. தங்கம்தான் இல்லை.

போன கோடையில் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. இப்போது வெட்டுகிற பள்ளம்தான் கடைசி, இதிலும் இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டியவரை இனி யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். கேம்ப்பில் தண்ணீர் இல்லை என்று கற்களை இங்கேயே கொண்டுவந்தார். மொட்டைமாடியில் இரும்பு உரலில் இடித்துப் பொடியாக்கி, அகலமான தட்டில் போட்டுத் தண்ணீரில் அலசுவார். லேசான மணல் ஓடிவிடும், கறுப்பு மணல் நிற்கும், தங்கம் இருந்தால் அதற்கும் அடியில் தங்கும்.

தண்ணீர் தூக்குவது என் வேலை. "நகையைக் கழட்டிட்டு வா. ஒரு துகள் விழுந்தாலும் எல்லாம் கெட்டுடும்" என்றார். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றினேன். "அதையும்" என்றார். சிசேரியன் அன்றைக்கே நர்ஸிடம் சண்டை போட்டு, தாலியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தவள் நான். வந்த ஆத்திரத்தில் குடத்தைப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். சமையலறையில் வேதவசனக் காலண்டர் ஆணியில் தாலியை மாட்டிவிட்டு மேலே போனேன். கீழ் வீட்டு அக்கா படியில் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னம்மா, சார் நல்லாத்தானே கீறாரு?"

சில வாரங்கள் கழித்து, கறுப்பு மணலின் ஓரத்தில் மஞ்சளாகச் சில புள்ளிகள் தெரிந்தன. அவர் சின்னப் பையனைப் போல அலறினார். நான் ஈரக்கையோடு உட்கார்ந்து அழுதேன். அந்த ஞாயிறு சர்ச்சில் நன்றிக் காணிக்கை போட்டோம். கம்பெனி பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியது, துளை போட மெஷின் வரவழைத்தது.

துளையிலிருந்து வந்த கல்லில் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட்டு, அவர் கொடுத்த புள்ளிகளையே லேபில் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கம்தான், ஆனால் செம்பு கலந்த தங்கம். கல்லுக்குள் இருக்கும் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும். இந்த அளவுக்குச் செம்பு சேர்ப்பது நகை செய்கிறவர்கள்தான்.

போனில் அதைப் படித்துவிட்டு அவர் முதலில் பார்த்தது என் கழுத்தை. "நீ கழட்டினதானே?"

போனைப் பிடித்திருந்த அவர் விரலைப் பார்த்தேன். கல்யாணத்தன்று நான் போட்டுவிட்ட மோதிரம். உடம்பு பெருத்து, சதைக்குள் புதைந்து, எத்தனையோ வருடமாகக் கழற்ற வராமலே கிடந்தது. அது தங்கம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் கையால்தான் கல்பொடியைப் பிசைந்து பிசைந்து அலசியிருக்கிறார். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

தங்கம் கிடைத்ததாக நம்பவைக்க சாம்பிளில் தங்கத்தூள் கலப்பது இந்தத் தொழிலில் பழைய திருட்டாம். யாரும் அவரை நேருக்கு நேர் திருடன் என்று சொல்லவில்லை. கம்பெனியில் அவர் போனை எடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கண்டக்டர் வராவிட்டால் தானே தேடிப்போய் டிக்கெட் வாங்குகிற மனுஷன் அவர். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இதை என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் விரல் வீங்கிவிட்டது. குரோம்பேட்டையில் ஒரு நகைக்கடையில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். "வெளிப்பக்கமெல்லாம் தேஞ்சிருக்கு சார். ஒட்டித் தரவா, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கிறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கிற லென்ஸை எடுத்து, கண்ணோடு ஒட்டி வைத்து, வெட்டிய முனையை வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷத்துல நான் கண்டுபிடிச்ச தங்கம் இது ஒண்ணுதாங்க" என்றார்.

கடைக்காரர் புரியாமல் சிரித்தார். எனக்கு அந்த லென்ஸைப் பிடுங்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் வீசிவிடலாம் என்று வந்தது. வீசவில்லை. அது போய்விட்டால் அந்தப் பையில் வைத்துக்கொள்ள அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.