அந்தப் பனைமரத்துக்கு மட்டும் இருந்த விதி

எங்கள் மின்நிலையத்துக்குக் கிடைத்த கேடயம் இருக்கும் பக்கம் நான் இன்றும் திரும்புவதில்லை. ஓர் ஆண்டு முழுக்கத் தடையே இல்லாமல் மின்சாரம் அனுப்பியதற்காகக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் நான் இளித்துக்கொண்டு நிற்கும் படமும் சுவரில் இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து கடலோரம் போகும் வழியில், உள்ளடங்கிய ஊர் ஒன்றில் எங்கள் நிலையம். உயர் அழுத்த டி.சி. மின்சாரம். வீட்டுக்கு வருகிற ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். அது இறங்கும் நேரம் பார்த்துத் துண்டித்துவிடலாம். டி.சி. இறங்கவே இறங்காது. லைனில் தீப்பொறி கிளம்பினால், நிலையத்தில் இருக்கும் கருவிதான் மின்சாரத்தை வலுக்கட்டாயமாகப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். காற்று கொஞ்சம் ஆறியதும் தானாகவே மறுபடி ஏற்றிப் பார்க்கும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தக் கருவியின் விதிகளை எழுதுவது என் வேலை.

ஓர் இடத்துக்கு மட்டும் தனி விதி வைத்திருந்தோம். சதுரங்கப்பட்டினம் பக்கம், லைனை ஒட்டி ஒரு பனைமரம். அதை வெட்டச் சொன்ன கோப்பு மேசை மேசையாகத் தூங்கியது. அதனால் அந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால் மறுபடி ஏற்றக் கூடாது, ஆள் நேரில் போய்ப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். லைன் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் போவார், சிக்கிய ஓலையை எடுப்பார், போன் செய்வார்.

ஆனால் அவர் போய்வரும் அந்த ஒரு மணி நேரம் மாத அறிக்கையில் தடை என்று பதிவானது. மேலதிகாரிக்கு அது ஆகவில்லை.

"ஒரு பனமரத்துக்காக நம்ம ரிப்போர்ட் நாறுது. மத்த எடத்துல எப்படியோ அப்படியே அங்கயும் ஆட்டோமேட்டிக்கா ஏத்திவிடுங்க" என்றார், முந்திரியைக் கொறித்துக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக இழுத்தார். "வாணாம் சார். அந்த மரத்துல நுங்கு வெட்ட ஆளு ஏறுறான்."

எனக்குத் தெரியும். தெரிந்தும் படூர் வீட்டுக்குச் சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் விதியை அழித்துக் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்து ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்குக்கூட எனக்கு வக்கில்லை. ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோடையில் ஒரு காலை. அந்த இடத்தில் பழுது, தானாகச் சரியானது என்று திரையில் வந்தது. மேலதிகாரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஏழு நிமிடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு பழுது, அதுவும் சரியானது. லைன் ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையில் தடை ஏதும் இல்லை.

அன்று நுங்கு வெட்ட ஏறிய மரமேறியைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். வயது முப்பதுகூட இருக்காது. என் அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வெட்டுன ஓலதான் சார் மொத தபா லைன்ல பட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஆவல. ஓல அங்கியே மாட்டிகினு தொங்குச்சு. ஒரு தபா அடிச்சா அப்பால லைன் செத்துடும், ஜீப்பு வந்தாதான் உசுரு வரும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஜீப்புக்கார சாருக்கு இன்னாத்துக்கு வீண் அலைச்சல்னு நானே இழுத்தேன்."

எங்கள் வேலையை மிச்சப்படுத்தத்தான் அவர் கை நீட்டியிருக்கிறார். நான் எழுதிய விதியை எங்கள் அலுவலகத்தைவிட அந்த ஊர் ஒழுங்காக மதித்திருக்கிறது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எப்பவும் அப்டித்தான சார் கீது? இந்த தபா யாரு மாத்துனது?"

"கம்ப்யூட்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.