மூக்கு தூக்கிய தட்டு

ஒரு நாள் காலையில் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் நின்றேன். படுத்த வாகு சரியில்லை என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். அம்பாங்கானில் என் மச்சானின் சாப்பாட்டுக் கடையில் இருபத்தாறு வருடமாக ரொட்டி சானாய் (மாவை வீசி விரித்துச் சுடும் பரோட்டா) போடுகிறவன் நான். தோள்வலிக்கெல்லாம் யார் விடுப்பு எடுப்பார்கள்?

இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிரம்பியிருந்த நேரத்தில், நான் வீசிய மாவு என் காலடியிலேயே விழுந்தது. கை தோளுக்கு மேல் எழவேயில்லை. அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் போல நீங்களும் தைலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் கையைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார். உயிர் போய் வந்தது. 'ஃப்ரோசன் ஷோல்டர்' (தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கி இறுகிப்போவது) என்றார். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். எனக்கு அது பத்து வருடமாக உண்டு.

"சரியாயிடுமா டாக்டர்? நான் ரொட்டி போடுறவன்."

"ஆகும் அங்கிள். ஆனா டைம் எடுக்கும். ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும். அவசரப்பட்டா இன்னும் லேட்டாகும்."

மச்சான் நல்லவர். ஆனால் ரொட்டிக் கல்லை எத்தனை நாள் சும்மா போட்டு வைப்பார்? வேறு ஆளை நிறுத்தினார். "நீங்க மேசையில ஆர்டர் எடுங்க மச்சான். கையை வருத்த வேணாம் லா" என்றார். தலையாட்டினேன். இனி அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கவே மாட்டேனோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

ஃபிசியோவில் (உடற்பயிற்சி மூலம் தரும் சிகிச்சை) கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டச் சொன்னார்கள். சுவரில் விரல்களாலேயே ஏறச் சொன்னார்கள். வீட்டுச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் வாரம் ஒரு பென்சில் கோடு போட்டேன். சட்டை போட இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதையெல்லாம் ஐம்பத்து மூன்று வயதில் படித்தேன். எட்டாவது மாதம் வலி குறைந்தது. ஆனாலும் கையைத் தூக்கப் பயமாகவே இருந்தது.

என் மகள் ஃபரிதா, லிங்கிப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு நடுவே உள்ள திடலில் பிள்ளைகளுக்கு டிஸ்க் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறாள். பந்துக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. நானும் வீசிப் பார்க்கலாமா என்று ஃபிசியோ பெண்ணிடம் அவளே கேட்டாள். வலிக்காத அளவுக்கு, பாதி பலத்துக்கும் கீழே என்றால் வீசலாம் என்றார் அவர்.

தட்டைக் கையில் வாங்கினேன். நான்கு விரல் விளிம்புக்கு அடியில், கட்டைவிரல் மேலே. ரொட்டி போலவே வட்டமாக, மெலிதாக இருக்கிறது, வீச வேண்டியதும் கூட. நமக்கா சொல்லித்தர வேண்டும் என்று ஒரு தலைக்கனம். வீசினேன். தட்டு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, எங்கள் பக்கமே திரும்பி விழுந்தது.

ஃபரிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "வாப்பா, ரொட்டி வீசுறீங்க! மணிக்கட்ட மேல சுண்டுறீங்க லா. தட்டோட முன்விளிம்பு, அதத்தான் மூக்குன்னு சொல்வோம், அது தூக்கிக்குது. மூக்கு தூக்குனா காத்து திருப்பி அனுப்பிடும்."

உண்மைதான். ரொட்டி மாவை மேசையிலிருந்து எடுத்து, மணிக்கட்டைச் சுண்டி, புரட்டி அறைந்தால்தான் விரியும். தட்டு அதற்கு நேர்மாறு. கூடைக்குப் பக்கவாட்டாக நின்று, தட்டை நெஞ்சு உயரத்தில் பின்னால் கொண்டுபோய், நெஞ்சை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விட வேண்டும்.

"தேத்தண்ணி கப்ப மேசை மேல தளும்பாம இழுக்குற மாதிரி வாப்பா. மொதல்ல காலு, அப்புறம் இடுப்பு. கை கடைசி. அது சும்மா கூட வந்தா போதும்."

சும்மா வருவதுதான் என் கைக்குத் தெரியாத வேலை. மூன்றாவது வாரம், அவளோடு வேலை செய்யும் இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்துக் கூடைக்கு முழு பலத்தோடு வீசினேன். தோளுக்குள் சுளீர் என்றது. சிரித்து மழுப்பினேன். மறுநாள் விரல்கள் பழைய கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழேயே நின்றுவிட்டன. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

ஃபரிதா சுவரில் புதுக் கோடு இறங்கியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏன் வாப்பா சொல்லல?"

"சொன்னா இனிமே வராதீங்கன்னு சொல்லிடுவே."

"நான் ஏன் அப்படிச் சொல்லப் போறேன்? மெதுவா வீசுங்கன்னுதானே சொல்றேன்!" அவளுக்கும் கண் கலங்கியது.

இரண்டு வாரம் ஓய்வு. பிறகு ஐந்தடி தூரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். பள்ளிப் பிள்ளைகள்கூட அவ்வளவு கிட்டே நின்று வீசுவதில்லை. வெட்கத்தை விட்டுவிட்டுக் காலைத் திருப்பினேன், இடுப்பைத் திருப்பினேன், கையை அதன் பாட்டுக்கு விட்டேன். ஒரு மாலை தட்டு மட்டமாகப் போய்ச் சங்கிலியில் மோதி, சலசலத்துக் கூடைக்குள் விழுந்தது. மறுநாள் வலித்தது தொடைதான், தோள் அல்ல. அவ்வளவு சந்தோஷமாக ஒரு வலியை நான் அனுபவித்ததில்லை.

அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடமும் மேசைக்கு நேரே கால்களை ஊன்றிக்கொண்டு, எல்லா ரொட்டியையும் தோளாலேயே தூக்கியிருக்கிறேன்.

கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் மச்சானிடம் கேட்டேன். "மூணே மூணு மச்சான்." அவர் தயங்கி, வழிவிட்டார். கொஞ்சம் பக்கவாட்டாக நின்றேன். முதல் மாவு கிழிந்தது. இரண்டாவது ஓட்டை. மூன்றாவதற்குக் காலை மாற்றி வைத்து, இடுப்போடு திரும்பினேன். மாவு தாள் போல விரிந்து விழுந்தது. கல்லில் அது வெந்ததும் மச்சான் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

இப்போது காலையில் ஒரு மணி நேரம் கல் என்னுடையது. அதற்கு மேல் கை கெஞ்சும், விட்டுவிடுவேன். "அண்ணே, முன்ன மாதிரி ஸ்பீட் இல்லையே" என்கிறார்கள் சாப்பிட வருகிறவர்கள். "இல்ல லா. உட்காருங்க, வரும்" என்கிறேன். அவர்களும் உட்காருகிறார்கள்.

போன வாரம் கடைக்கு வந்து, மாவைத் தொடச் சட்டைக் கையை மடித்துவிடும்போதுதான் திடுக்கிட்டேன். அன்று காலை சட்டையை எந்தக் கையில் முதலில் மாட்டினேன் என்று எனக்கு நினைவில்லை.