கைமெஷின் கைப்பிடியும் செருப்புத் தவளையும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பல்சக்கரம் வெட்டும் பிரிவில் இருந்தேன். குவார்ட்டர்ஸ் வீடு, புது மனைவி, தலை நிறைய கர்வம். சென்னீர்குப்பத்து மாமனார் வீட்டில் எனக்குக் ‘கியர் மாப்பிள்ளை’ என்று பெயர். அது மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. அவர்கள் வீட்டுக் கிணற்று ராட்டினத்துக்கு நான் ஒரு கியர் மாட்டிக் கொடுத்த பிறகு வாளி கீழே போனது, மேலே வரவில்லை. அந்தப் பெயரை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூர் மார்க்கெட்டில் ஒரு வெளிநாட்டுத் தூண்டில் ரீல் கிடைத்தது. நூல் சுற்றும் உருளை நன்றாக இருந்தது. உள்ளே பல்சக்கரமும் இல்லை, வெளியே கைப்பிடியும் இல்லை. இதை எனக்காகவே கடவுள் காலி செய்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு செம்பரம்பாக்கம் ஏரியில் விரால் பிடித்து மாமனார் வீட்டுச் சட்டியில் போடுகிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினேன்.

கைப்பிடிக்கு எங்கே போவது? மனைவியின் தையல் மெஷின் கைமெஷின். அதன் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று சுற்றும். தைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடந்தும், அதன் பல்சக்கரத்தோடு சேர்த்துக் கழற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை அது மெஷினில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஆறு ஸ்பூனில் ஒன்று ஏன் காணவில்லை என்று அவள் அப்போது கேட்கவில்லை.

அந்த ஸ்பூனின் காம்பை அறுத்து, தண்ணீரில் மினுமினுத்து ஆடும் பொய் மீனாக ஆக்கியிருந்தேன். பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒரு தவளையும் செய்தேன். ஸ்பூன் நிதானமாக வந்தால்தான் ஆடும். தவளை துள்ளி ஓடி வர வேண்டும். ஆக, எதற்கு, கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை எத்தனை சுற்று?

பக்கத்து வீட்டு ஃபிட்டர் நண்பன் ஒன்றுக்கு ஆறு என்றான். நான் மூன்று என்றேன். இரண்டு நாள் டீ குடிக்கும் நேரமெல்லாம் இதே சண்டை. கடைசியில் குவார்ட்டர்ஸ் தெருவில் சோதனை வைத்தோம். மீன் இல்லாததால் பூனை. தூண்டில்முள் இல்லாத செருப்புத் தவளையை நூலில் கட்டி, வெறும் உருளையைக் கையால் சுற்றி இழுத்தோம். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. உருளைக்கு நான் வெட்டிய பல்சக்கரத்தை மாட்டி, கைப்பிடியை வைத்து மூன்றில் இழுத்தோம். பாய்ந்து கவ்வியது. இன்னொரு ஜோடி பல்சக்கரம் சேர்த்து ஆறில் இழுத்தோம். பூனை துரத்திப் பார்த்துச் சலித்துப்போய் உட்கார்ந்தது, தவளை மட்டும் நண்பனின் லுங்கிக்குள் போனது. ஸ்பூனைப் பூனை திரும்பியே பார்க்கவில்லை. அதில் கருவாடு தடவினோம். உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. ஸ்பூனுக்கு விகிதம் பூஜ்யம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தவளை, மூன்று. அதுவே முடிவு. நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை.

“மச்சான், மூணு பூனைக்குத்தான். மீனு இன்னா பூனையா?”

சனிக்கிழமை எல்லாவற்றையும் ரீலுக்குள் பொருத்தும்போது கைப்பிடிச் சக்கரம் உருளைச் சக்கரத்துக்கு எட்டவில்லை. நடுவில் ஒரு சிறு சக்கரத்தைச் சொருகினேன். அதனால் விகிதம் மாறாது என்று எனக்குத் தெரியும். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் மாமனார், மனைவி, சோற்று மூட்டை. மாமனார் வாழ்நாளெல்லாம் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிவேலை செய்தவர், விராலைக் கையாலேயே பிடிப்பார். அவர் ரீலைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தவளையை வீசினேன். அது தண்ணீரில் விழுந்த மாத்திரத்தில் ஒரு பெரிய வாய் திறந்து மூடியது. தூண்டில் கழி வளைந்தது. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். இன்னும் வேகமாகச் சுற்றினேன். நான் சுற்றச் சுற்ற விரால் தூரப் போய்க்கொண்டே இருந்தது.

மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“இன்னா மாப்ளே, மீனை இஸ்துகினு வர்றீங்களா, வழியனுப்பி வுட்றீங்களா?”

அப்போதுதான் உறைத்தது. நடுச்சக்கரம் விகிதத்தை மாற்றாது, திசையை மாற்றிவிடும். முதல் வருட அப்ரண்டிஸுக்கே தெரிந்த விஷயம். பல்லைப் பத்து முறை எண்ணிய நான், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அவமானத்தில் கைப்பிடியை விட்டே விட்டேன்.

மனைவி வந்து அதைப் பிடித்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கையில் பழகிய கைப்பிடி. ரவிக்கை தைக்கும்போது எந்தப் பக்கம் சுற்றுவாளோ அந்தப் பக்கமே, அதே நிதானத்தில் சுற்றினாள். நூல் ஒழுங்காக உருளையில் ஏறியது. முழங்கை நீள விரால் ஒன்று அவள் காலடியில் வந்து துள்ளியது.

குழம்பு பிரமாதம். தன் மகள் தையல் மெஷினில் விரால் பிடித்ததை மாமனார் அன்று மாலைக்குள் காட்டுப்பாக்கம் வரை சொல்லி முடித்திருந்தார். கியர் மாப்பிள்ளை என்ற பெயர் இனி சாகும்வரை போகாது என்று தெரிந்துகொண்டேன். திங்கள் காலை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கைப்பிடியை மெஷினில் மாட்டினேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது மெஷினில் கைப்பிடி இல்லை. ரீல் மேஜைமேல் இருந்தது. கைப்பிடியை அவளே கழற்றி அதில் பொருத்தியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஸ்பூன், காம்பு அறுக்கத் தயாராக. ரீலின் பக்கவாட்டில், துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று எனக்காகப் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள்.