பீற்றிஸ் எடுத்த ஓலை

பீற்றிஸ் மோசம் போய்விட்டாள், அடக்கமும் முடிந்துவிட்டது என்று போன மாதம் கேள்விப்பட்டேன். அவளைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை. அவளுடைய பேரைக் கெடுத்தவன் நான். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

1931இல் கல்முனை றோட்டில் இருக்கிற செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த ஒரு சின்னக் கிராமத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேன். பட்டணத்தில் படித்தவன் என்ற தலைக்கனம் தாராளமாக இருந்தது. அந்த ஊரில் கரையில் நின்று இழுக்கும் கரைவலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிமார் ஆறு பேர். வலை இழுக்கத் தோதான கரை ஒன்றுதான். விடியலில் முதலாவதாக வளைக்கிற வலைக்கு மீன். ஆறாவது வலைக்குப் பாசி. ஆகையால் வருசத்துக்கு ஒரு தடவை, கடல் அடங்கும் சித்திரையில், அந்த வருசத்து வரிசையை ஓலை எடுத்துத் தீர்மானிப்பார்கள்.

எடுப்பவள் பீற்றிஸ். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். வயது நாற்பது இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவள் என்பதற்காகவே அந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஆறு பேரின் பெயரும் எழுதிய ஆறு ஓலைத்துண்டுகளை ஒரு மண்முட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். அவள் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, கோயில் மூப்பர் வாசிப்பார். அதற்குக் கூலியாக, எந்த வலை கரையேறினாலும் அவளுடைய பெட்டியில் ஒரு கை மீன் விழும். அதை வாவிக்கு அந்தப் பக்கம், வயல்கள் உள்ள படுவான்கரைக்குக் கொண்டுபோய் நெல்லாக மாற்றித்தான் சீவித்தாள். சூது தெரியாத கை என்று ஊரே சொல்லும். அவளுக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

நான் போய்ச் சேர்ந்த வருசம் முதல் ஓலை பேர்னாட்டுக்கு வந்தது. பேர்னாட் அவளுடைய தங்கச்சியின் புருசன். கடைசி ஓலை சவிரியான் சம்மாட்டிக்கு. சவிரியான் முகம் கறுத்து, ஆட்களையும் திரட்டிக்கொண்டு நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"வாத்தியார், இது தானா வந்திரிக்குமா? கணக்குப் பாத்துச் சொல்லுங்க."

கணக்கென்று கேட்டால் போதாதா எனக்கு? கரும்பலகைக்குப் போனேன். முதலிடத்துக்கு ஆறு பேரில் யாரும் வரலாம், அடுத்ததுக்கு ஐந்து பேர், பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் எழுநூற்று இருபது.

"இப்ப வந்திரிக்கிற வரிசை எழுநூத்தி இருவதில ஒண்டு," என்றேன். கூடி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. "தானா வாறது லேசுப்பட்ட காரியமில்ல," என்று ஒரு வார்த்தை சேர்த்தும் விட்டேன்.

கூட்டத்துக்குப் பின்னால் பீற்றிஸ் நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் முன்னுக்கு வந்து பலகையைப் பார்த்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியா வாத்தியார். ஒண்டு கேக்கிறன். சவிரியான்ட ஓலை முதல்ல வந்து, வேற மாதிரி வரிசை வந்திருந்தா, அது எத்தினையில ஒண்டு?"

அதுவும் எழுநூற்று இருபதில் ஒன்றுதான். முட்டிக்குள் இருந்து வரக்கூடிய எந்த வரிசையும் அப்படித்தான். அதில் ஏதோ ஒன்று வந்தே தீரும். பார்க்க வேண்டியது, பேர்னாட் முதலாவதாக நிற்கும் வரிசைகள் எத்தனை என்று. அவனை முன்னால் நிறுத்தினால் மற்ற ஐவரும் நூற்றிருபது விதமாக நிற்கலாம். எழுநூற்று இருபதுக்கு நூற்றிருபது. ஆறில் ஒன்று. ஆறு சம்மாட்டிமாரில் யாருக்கும் உள்ள அதே வாய்ப்பு.

இவ்வளவும் அவள் கேட்ட அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறந்திருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துத் தெரியாத ஒரு பெண் பிள்ளை சொல்லி, நான் போட்ட கணக்கை நானே அழிப்பதா?

"அது வேற கணக்கு," என்றேன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேறோர் ஆளை வைத்து மறுபடி ஓலை எடுத்தார்கள். பீற்றிஸின் பெட்டியில் அதன்பிறகு மீன் விழவில்லை. கள்ளன் என்று ஊரார் பேர்னாட்டையும் ஏசியதால் கூடப்பிறந்த தங்கச்சியே அவளுடன் கதைப்பதை நிறுத்தினாள். பீற்றிஸ் கல்முனை றோட்டோரம் தென்னோலைக் கிடுகு பின்னி விற்றாள். போகிற வருகிற பிள்ளைகள் அவளை "எழுநூத்தி இருவது" என்று கூப்பிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்தான். கேட்டும் கேளாதவன் போல இருந்தேன். வெட்கம் கெட்டவன்.

இரண்டு வருசத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. புறப்படும் அன்று காலை அவளுடைய குடிசைக்குப் போனேன். பின்னிக்கொண்டிருந்தாள். நூற்றிருபதையும் ஆறில் ஒன்றையும் சொன்னேன். மூப்பரிடம் விசாரித்ததையும் சொன்னேன்: அவள் ஓலை எடுத்த பன்னிரண்டு வருசத்தில் பேர்னாட் முதலாவதாக வந்தது இரண்டே தடவை. கணக்குப்படி வர வேண்டியதும் அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்டேன்.

அவள் கை நிற்கவில்லை.

"நான் களவு செய்யல்ல எண்டு எனக்குத் தெரியாதா வாத்தியார்? அத ஏன் எனக்கிட்ட சொல்றீங்க? கடக்கரைக்குப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றன்," என்றேன்.

கடற்கரையில் ஆறு சம்மாட்டிமாரும் என்னை வழியனுப்பக் கூடியிருந்தார்கள். நல்ல வாத்தியார் போகிறார் என்று சவிரியான் இளநீர் வெட்டித் தந்தார். குடித்தேன். றோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன்.