வலது கைக் கொக்கு

சத்தியவேட்டுப் பக்கம் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசலில் புது செக்யூரிட்டி ஒருவர் நிற்கிறார். இரண்டு தோளிலும் கழுகுச் சின்னம். இடது தோள் கழுகு முன்னால் பார்க்கிறது, வலது தோள் கழுகு அவர் முதுகுப் பக்கம் பார்க்கிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு மட்டும் எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தான்.

அவனுடைய டிவிஷன் சின்னம் பச்சைச் சதுரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. பச்சை, அவர்கள் காக்கிற நிலம். கொக்கு, அசையாத காவல். தூக்கிய கால், அடுத்த அடி முன்னால்தான் என்பதற்கு. லீவில் எங்கள் ஊரான நகரிக்கு வரும்போதெல்லாம் இதைப் பாடமாக ஒப்பிப்பான்.

"ஏரியில மீனுக்கு நிக்கிற கொக்கு. இதுக்கா இவ்ளோ பெருமை?" என்பேன். தலையில் குட்டுவான்.

ஒருமுறை சட்டையில் இருந்த சின்னங்கள் நைந்துபோயிருந்தன. எங்கள் அப்பா, நைனா, தறிக்காரர். சும்மா இருப்பாரா? தறியிலேயே இரண்டு கொக்கு நெய்துவிட்டார். புடவையில் ஒரு புட்டாப் பூ இன்னொன்றைப் போல இல்லாவிட்டால் சரக்கே திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இரண்டையும் அச்சாக ஒரே மாதிரி, ஒரே பக்கம் பார்க்க நெய்திருந்தார்.

அண்ணன் தோளில் வைத்துப் பார்த்துச் சிரித்தான். "இன்னா நைனா, வலது கையில வெச்சா கொக்கு பின்னால பாக்குது. பயந்துகினு ஓடறாப்ல இருக்கு. ரெண்டும் முன்னாலதான் பாக்கணும்."

நைனா விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்கட்டுமேடா. ஒண்ணு எதிரியப் பாத்துகினு இருக்கட்டும். ஒண்ணு ஊட்டப் பாத்துகினு இருக்கட்டும்."

தைக்க முடியாது என்று தெரிந்தும் இரண்டையும் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான்.

அப்போதுதான் எங்கள் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. அண்ணனைப் பற்றிய செய்தி அதற்குத்தான் வந்தது. பனிச்சரிவாம். போனை எடுத்தவள் நான். அழவில்லை. வீட்டுக்கு வந்து, ராட்டையில் பாதியில் விட்ட நூலைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் நைனாவிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மனசில் அன்று மரத்துப்போன இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு அவனுடைய டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அதில் நைனா நெய்த கொக்கு ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றை அவன் எங்கே வைத்திருந்தானோ. நைனா அந்த ஒன்றை எடுத்துத் தன் இடது தோளில் வைத்துப் பார்த்தார். முன்னால் பார்த்தது. வலது தோளுக்கு மாற்றினார். பின்னால் பார்த்தது.

"ஊட்டப் பாக்கறததான் எடுத்துகினு போயிருக்கான்," என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று நான் சொல்லவில்லை.

நைனா போனபின் வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துவிட்டு பவர்லூம் ஷெட் போட்டார். அண்ணன் கொண்டுபோன கொக்கு எந்தப் பனிக்கடியிலாவது இன்னும் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது பார்ப்பதற்கு இங்கே வீடு இல்லை.