ஒரு வயதுப் புருஷனின் சம்மதம்

கிரீன்லாந்தின் வடபகுதியில், எண்பது வீடுகள் உள்ள தீவு. அங்கே மீன் ஆலையில் பெனிக்னா கத்தியை எடுத்தால் பக்கத்திலிருப்பவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் ஆளே நகர்ந்துவிடுவார்கள். அவளை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் அவள் புருஷன் உயாராக். அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதமே கொழுந்தன் மகள் நிவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செத்தவர் பெயரைப் பிறந்ததற்கு வைக்காவிட்டால் ஊர் சும்மா விடுமா? பெண்ணானாலும் உயாராக் என்றே வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரிதான். பெனிக்னாவும், "வாங்க வீட்டுக்காரரே!" என்று தூக்கிக் கொஞ்சி, ஈரத்துணி மாற்றினாள்.

வம்பு காலேப்பால் வந்தது. நாய்வண்டி ஓட்டுகிற சாது மனுஷன், மனைவியை இழந்தவன். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். பெனிக்னாவுக்கும் கொள்ளை ஆசை. ஆனால் அவன் தலையைக் கண்டாலே குழந்தை ஊரைக் கூட்டியது.

"பெரியப்பாவுக்கு இஷ்டமில்ல, பெரியம்மா," என்றாள் நிவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பல்லு முளைக்குதுடி, அதான்!"

"பல்லு இருந்தப்பவும் இப்படித்தானே கத்துவாரு?"

காலேப் நொந்துபோனான். "அவரு மனசு குளிராம எப்படி பெனிக்னா? ஊருல தலகாட்ட முடியுமா?"

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு நிவி காபி விருந்து வைத்தாள். வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் மலையாகக் கிடந்தன. காலேப் கடல்நாய்த் தோலில் தைத்த விரல்நீளச் சப்பாத்து ஜோடியோடு வந்து தரையில் மண்டியிட்டான். காபி குடித்தவர்கள் கோப்பையும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

குழந்தை சப்பாத்தைப் பிடுங்கியது. கடித்துப் பார்த்தது. கெக்கெக்கென்று சிரித்து, தவழ்ந்துபோய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"சம்மதம் குடுத்துட்டாரு!" என்று வீடே அதிர்ந்தது.

பெனிக்னாவின் முகம் சுருங்கிவிட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர். விறுவிறுவென்று போய்க் குழந்தைக்கு எதிரே நின்றாள்.

"அட பாவி மனுஷா! முப்பத்தாறு வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டேனே. ஒரு ஜோடி சப்பாத்துக்கு என்னத் தூக்கிக் குடுத்துட்டியே!"

காலேப் வெலவெலத்துப் போனான். "வேணும்னா சப்பாத்தத் திருப்பி வாங்கிக்கட்டுமா?"

அவள் குழந்தையைப் பிடுங்கி மார்போடு இறுக்கிக்கொண்டு விம்மினாள். "கல்யாணத்த ஈஸ்டருக்கு வெச்சுக்கலாம். இப்ப நீ வாய மூடு. இது புருஷன் பொண்டாட்டி விவகாரம்."